ஆகஸ்ட் 1 லூனசா நிகழ்ச்சி, கோத்தகிரி: வைக்கோல் பின்னல், விளையாட்டு, சமையல் பற்றிச் சில கேள்விகள்

கோத்தகிரி வாசகி:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் ஆகஸ்ட் 1 அன்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற கெல்டிக் நாடுகளின் அறுவடைத் திருவிழாக்களைப் பற்றி ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துகிறது. 30 பேர் வருவார்கள், பாதிக்கு மேல் 10 வயது தாண்டிய பிள்ளைகள். ஒரு கூடமும் அதை ஒட்டிய புல்வெளியும் இருக்கின்றன.

இதுவரை போட்ட திட்டம்: காலையில் லூனசா என்கிற ஆகஸ்ட் 1 அறுவடைத் திருநாள் பற்றி அரை மணி நேரப் பேச்சு. அடுத்து கோதுமைத் தாளில் 5 தாள் சுருள் பின்னல், முடித்ததை வாசலில் தொங்கவிடுவது. பிறகு வேல்ஸ் நாட்டு 'அறுவடைக் குதிரை' விளையாட்டு, அதாவது கடைசிக் கதிர்ப் பின்னலை அரிவாள் வீசி வெட்டுவது. மதியம் கோல்கேனன் என்கிற கிழங்கு மசியலும் சோடா ரொட்டியும். சாயங்காலம் சொக்கப்பனை மாதிரி நெருப்பு. அலங்காரத்துக்கு ஊட்டிப் பக்கம் மண்டிக்கிடக்கும் மஞ்சள்பூ முட்செடி, கோர்ஸ். அது அயர்லாந்துச் செடிதானே என்று யோசனை.

கேட்க வேண்டியவை: இந்த வரிசை சரியா? கோதுமைத் தாள் இங்கே எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் நெல் வைக்கோலில் பின்னலாமா? 30 பேருக்கு எவ்வளவு வேண்டும்? பிள்ளைகள் கையில் அரிவாள் கொடுக்க முடியாது, அந்த விளையாட்டை எப்படி மாற்றுவது? சமையல் அளவும் சொன்னால் நல்லது.

அட்டுவம்பட்டி:

நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே உண்மையான வழக்கங்கள்தான். ஆனால் ஒரே நாளைச் சேர்ந்தவை இல்லை, ஒரே நாட்டையும் சேர்ந்தவை இல்லை. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

லூனசா அறுவடையின் தொடக்கம். அயர்லாந்தில் ஜூலை என்பது போன வருடத்துக் கிழங்கும் தானியமும் தீர்ந்துபோய், புதியது இன்னும் முற்றாத மாதம். 'பசி ஜூலை' என்றே அதற்குப் பெயர். ஆகஸ்ட் பிறந்ததும் முதல் கிழங்கைத் தோண்டி, முதல் கதிரை அறுத்து, வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுவதுதான் அந்த நாள். அதற்கு முன்பே நிலத்தில் கைவைத்தவரைக் குடித்தனம் நடத்தத் தெரியாதவர் என்று ஊர் பேசும். கூடவே மலை உச்சிக்கு ஏறுவது, பில்பெரி என்கிற கருநீலக் காட்டுப்பழம் பறிப்பது, கோடை முடிந்தது என்பதற்கு அடையாளமாக அணிந்துபோன பூக்களை உச்சியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வருவது, ஓட்டப் பந்தயம், குதிரைப் பந்தயம், சந்தை.

வைக்கோல் பின்னலும் அறுவடைக் குதிரையும் இதற்கு நேர் எதிர்முனை. அவை கடைசி அரியின் சடங்குகள். வயலில் கடைசிப் பிடி கதிர் நிற்கும்போது செய்பவை. நிலத்தையும் வானிலையையும் பொறுத்து செப்டம்பர், மேட்டு நிலங்களில் அக்டோபர்கூட ஆகும். ஆகஸ்ட் 1 அன்று கடைசி அரியை வாசலில் தொங்கவிடுவது, தை பிறப்பதற்கு முன்பே களத்தைக் கூட்டி மூடுவது போன்றது. இணையத்தில் பார்க்கிற முக்கால்வாசி 'லூனசா அலங்காரம்' இந்தத் தப்பைத்தான் செய்கிறது.

கடைசி அரிக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு முறை, அதைக் கலக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி பேசும் பகுதிகளில் அறுவடை நவம்பர் 1-க்கு முன்பு முடிந்தால் கடைசிப் பிடி 'கன்னி', வயலில் இருப்பவர்களில் வயதில் இளைய பெண் அறுப்பாள். அதற்குப் பிறகு முடிந்தால் அது 'கல்யாக்', கிழவி. சில தீவுகளில் முதலில் அறுத்து முடித்தவர் இன்னும் முடிக்காத பக்கத்து வயல்காரருக்கு அதை அனுப்பிவைப்பார். அவர் முடித்ததும் அடுத்தவருக்கு. கடைசியில் யாரிடம் தங்குகிறதோ அவர் குளிர்காலம் முழுக்கக் கிழவிக்குச் சோறு போட வேண்டும் என்பது கணக்கு. அதனால் கடைசி ஆளாகிவிடக் கூடாது என்று அறுவடை வேகம் பிடிக்கும். ஐலா தீவில் அதைச் சுவரில் மாட்டிவைத்து, அடுத்த வருடம் முதல் உழவு நாளில் பிரித்துக் குதிரைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் அறுத்தவர் கடைசிப் பிடியைத் தலைக்கு மேல் தூக்கி "கிடைச்சிருச்சு!" என்று மூன்று முறை கத்த, மற்றவர்கள் "என்ன கிடைச்சது?" என்று மூன்று முறை கேட்க, "கழுத்து!" என்று மூன்று முறை பதில் சொல்வார். அந்தப் பிடிக்கு அங்கே கழுத்து என்று பெயர். இது நின்றுபோன நிலையில் பழங்கார்ன்வால் சங்கங்கள் 1920-களில் மீட்டெடுத்தன. இன்றும் நடக்கிறது.

தேதியைப் பற்றி. ஆகஸ்ட் 1 என்று பிடிவாதம் வேண்டாம். கிறிஸ்தவம் வந்த பிறகு அயர்லாந்தில் கூட்டங்கள் ஜூலையின் கடைசி ஞாயிறு அல்லது ஆகஸ்டின் முதல் ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டன. மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பேட்ரிக் மலைக்கு மக்கள் இன்றும் ஏறுவது ஜூலை கடைசி ஞாயிறன்று. 1752-இல் நாட்காட்டியில் 11 நாள் வெட்டப்பட்டதால் பழைய ஆகஸ்ட் 1 புதிய கணக்கில் ஆகஸ்ட் 12-இல் விழுகிறது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் மலையாட்டைப் பிடித்து வந்து முடிசூட்டும் பக் சந்தை ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடக்கிறது. ஆக, உங்களுக்கு வசதியான ஒரு ஞாயிறு மரபுக்கு விரோதம் இல்லை.

நெருப்பை விட்டுவிடுங்கள். அது மே 1 பெல்டன் திருநாளுக்கும் நவம்பர் 1 சவ்வின் திருநாளுக்கும் உரியது. லூனசாவில் அரிது. மலையில் வனத்தை ஒட்டிய புல்வெளியில் தீ மூட்டாமல் இருக்க அதைவிட நல்ல காரணங்களும் இருக்கின்றன.

பேச்சில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வருடத்துக்கு 8 திருவிழா என்று வட்டமாகப் படம் போடுவது 20-ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. பழைய ஐரிஷ் நூல்களில் பருவம் தொடங்கும் நாட்கள் நான்குதான்: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. அதேபோல் லம்மாஸ் என்பது ஆங்கிலேயர்களின் தேவாலய வழக்கம், புதுமாவில் சுட்ட ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. அதே நாளில் வருகிறது, ஆனால் வேறு வேர்.

நானாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரிப்பேன். ஆகஸ்டில் முதல் கிழங்கு, முதல் ரொட்டி, பழம், ஒரு சின்ன மலையேற்றம், பூ புதைப்பது. செப்டம்பர் கடைசியில் பின்னலும் குதிரையும்.

வெலிங்டன்வாசி:

தாள் விஷயம் நான் சொல்கிறேன், அட்டுவம்பட்டிக்காரர் சொன்ன இரண்டு நாள் யோசனை இதற்கும் பொருந்தும்.

நெல் வைக்கோல் வேண்டாம். ஈரமானதும் துவண்டுவிடும், தட்டையாகும், பின்னலுக்கு மினுமினுப்பும் வராது. ராகித் தட்டை உள்ளே சோறு, அதாவது மெத்தென்ற சக்கை, நிறைந்தது, மடக்கினால் முறியும். சாமைத் தாள் மிக மெல்லிசு. வேண்டியது உள்ளே குழாயாக இருக்கும் தாள்: கோதுமை, ஓட்ஸ், வாற்கோதுமை.

கோதுமையிலும் எல்லாத் தாளும் ஆகாது. இன்றைய குட்டை ரகங்களில் கதிருக்கும் முதல் கணுவுக்கும் நடுவில் உள்ள துண்டு நீளம் போதாது. பிரிட்டனில் பின்னல்காரர்கள் இன்றும் மாரிஸ் விட்ஜன் போன்ற பழைய நெட்டை ரகங்களைத் தேடிப் போவது அதனால்தான். நம் பக்கத்தில் சம்பா கோதுமையின் பழைய நெட்டை வகை கிடைத்தால் பயன்படும். கதிரில் நீளமான மீசையும் இருக்கும், பார்க்க அழகு. வாங்கும்போது தாளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் துளை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப் போட முடியாது. இயந்திரம் அறுத்த தாள் நசுங்கிவிடும், எதற்கும் உதவாது. கையால் அறுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆகஸ்டில் புதுத் தாள் தேடிப் பயனில்லை. சமவெளியில் கோதுமை ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனியில் அறுப்பது. அந்தத் தாளை வாங்கி உலர வைத்துச் சேமிப்பதுதான் வழி. வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பதால் அங்கே கேட்கலாமே என்று தோன்றும். நீலகிரியில் கோதுமைத் துருநோய் வருடம் முழுக்கத் தங்கும், ஆய்வே அதைப் பற்றியதுதான். துரு பட்ட தாளைத் தடவினால் விரலில் ஆரஞ்சு அல்லது பழுப்புத் தூள் ஒட்டும், மடக்குகிற இடத்தில் பட்டென்று போகும். அப்படிப்பட்ட தாளை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம்.

செப்டம்பர் நிகழ்ச்சி என்றால் எனக்குப் பிடித்த வழி ஓட்ஸ். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஏழை எளியவர் வயலில் நின்றது பெரும்பாலும் ஓட்ஸும் வாற்கோதுமையும்தான், எனவே இது மாற்றுப்பொருள் கூட இல்லை. இங்கே பால்மாடு வைத்திருப்பவர்கள் தீவனத்துக்கு ஓட்ஸ் போடுகிறார்கள், ஆனால் கதிர் முற்றுவதற்கு முன்பே பச்சையாக அறுத்துவிடுவார்கள். யாரிடமாவது ஓரத்தில் இரண்டு வரிசையை அறுக்காமல் விடச் சொல்லுங்கள். மே மாதக் கடைசியில் விதைத்தால் ஏறக்குறைய 4 மாதத்தில், செப்டம்பர் கடைசியில் தயார். தழைச்சத்து உரம் அதிகம் போட்டால் சாய்ந்துவிடும், சாய்ந்த தாள் வளைந்திருக்கும்.

அறுக்கும் பதம் முக்கியம். முழுக்கக் காய்ந்து வெளுக்கும் வரை விடாதீர்கள். கணுவுக்குப் பக்கத்தில் இன்னும் பச்சை தெரிய வேண்டும், மணியை நகத்தால் அழுத்தினால் பால் வராமல் மாவாக நசுங்க வேண்டும். அந்தப் பதத்தில் அறுத்தால் தாள் வளையும், மணியும் உதிராது. முழுக்க முற்றியதை அறுத்தால் பின்னும்போதே மணி கொட்டும். அறுத்ததைச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, கதிர் கீழே பார்க்கும்படி காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். இங்கே பனிமூட்டத்தில் வெளியே போட்டால் இரண்டே நாளில் கரும்புள்ளிப் பூஞ்சை விழும். உலர்ந்ததும் முதல் கணுவுக்கு மேலே வெட்டி, தாளைச் சுற்றியுள்ள சோகையை உருவி எடுத்துவிட்டு, கனம் வாரியாகப் பிரித்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, எலி எட்டாத இடம் வேண்டும்.

பின்னும் நாளில் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம், பழைய தாள் என்றால் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். தாள் மிதக்கும், மேலே ஒரு பலகை வைக்க வேண்டும். கதிர் நனையக் கூடாது. எடுத்து ஈரத் துண்டில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பின்ன வேண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற வையுங்கள். ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்தால் வழவழப்பாகி நிறம் மங்கும்.

5 தாள் சுருள் இப்படி: 5 தாளையும் கதிருக்குச் சற்றுக் கீழே நூலால் இறுக்கிக் கட்டி, கதிர் கீழே தொங்கும்படி பிடியுங்கள். தாள்களை நான்கு திசைக்கும் விரியுங்கள். கிழக்கில் மட்டும் இரண்டு, மற்ற மூன்று திசையில் ஒவ்வொன்று. கிழக்கு ஜோடியில் தெற்குப் பக்கம் இருப்பதை எடுத்து, கூட இருப்பதன் மேலாகவும் வடக்குத் தாளின் மேலாகவும் கொண்டுபோய், வடக்குத் தாளைத் தாண்டிப் பக்கத்தில் படுக்க வையுங்கள். இப்போது வடக்கில் இரண்டு. கடைசியாகத் தாண்டப்பட்ட அந்த வடக்குத் தாளை எடுத்து அடுத்த இரண்டின் மேலாகக் கொண்டுபோய் மேற்கில் வையுங்கள். எப்போதும் கடைசியாகத் தாண்டப்பட்டதை எடுத்து இரண்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒவ்வொரு முறையும் பின்னலைக் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டால் கை பழகும். தாளைப் பக்கத்துத் தாளுக்குச் சற்று வெளியே வைத்தால் சுருள் அகலும், சற்று உள்ளே ஏற்றி வைத்தால் குறுகும்.

தாள் தீரும்போது பழைய தாளை மடிப்பு விழும் மூலையை ஒட்டி வெட்டி, அதன் துளைக்குள் புதுத் தாளின் மெல்லிய முனையைச் செருகுங்கள். ஒரே சுற்றில் இரண்டு ஒட்டு வந்தால் அங்கே பலவீனம், கொஞ்சம் முன்பின்னாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னல் தொளதொளவென்று இருந்தால் பெரும்பாலும் தாளை அதிகம் ஊற வைத்திருப்பீர்கள். ஊறிய தாள் பருத்திருக்கும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும்.

பிள்ளைகளுக்கு இது கடினம். இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், ஆளுக்கு 25 தாள், உடைவது சேர்த்து 30 பேருக்கு 1000 தாள் கணக்கு வைக்க வேண்டும். அதற்குப் பதில் அயர்லாந்தின் வடபகுதியில் அறுவடை முடிவில் சட்டையில் செருகிக்கொள்ளும் சின்னக் கதிர்முடிச்சைச் செய்யலாம். 3 தாளைக் கதிரோடு சேர்த்துக் கட்டி, சடை பின்னுவது போல 15 செ.மீ. பின்னி, வளையமாக மடித்துக் கதிருக்கு மேல் கட்டினால் முடிந்தது. அரை மணி நேரம் போதும், மொத்தம் 150 தாள். பெரியவர்களில் ஆர்வம் உள்ளவர்களைச் சுருளுக்கு உட்கார வையுங்கள்.

கோத்தகிரி வாசகி:

இருவருக்கும் நன்றி. இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஒன்று, செப்டம்பர் கடைசி ஞாயிறு ஒன்று. ஓட்ஸுக்கு ஓர் இடம் கேட்டு வைக்கிறேன். ஆகஸ்ட் நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்குக் கைவேலை ஒன்றும் இல்லாமல் போகிறதே, என்ன செய்யலாம்? கோர்ஸ், பழம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

குன்னூர் அடுமனை:

கைவேலைக்கு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆகஸ்ட் 15 மரியாள் திருநாளில் செய்த பேனக் ரொட்டியை வையுங்கள். காலையில் வயலில் புதுக்கதிர் கொய்து, பாறையில் உலர்த்தி, உள்ளங்கையில் கசக்கி உமி நீக்கி, புடைத்து, திருகையில் அரைத்து, பிசைந்து, நெருப்பின் முன் சுட்டு, வீட்டுத் தலைவர் பிட்டு மனைவிக்கும் பிறகு வயது வரிசையில் பிள்ளைகளுக்கும் கொடுப்பார். பிறகு குடும்பமே நெருப்பை வலமாகச் சுற்றிவரும். முறமும் திருகையும் நம் வீடுகளிலும் இருந்த சாமான்கள், பிள்ளைகளுக்கு ஒரு சுற்று அரைக்கக் கொடுத்தால் போதும்.

இதற்குச் சம்பா கோதுமைக் கதிர் வாங்கிவிடாதீர்கள். அதன் உமி மணியை விடாது, உரலில் குத்தினால்தான் பிரியும். சாதாரண ரொட்டிக் கோதுமை கசக்கினாலே உதிரும். ஒரு கதிரில் கிடைப்பது ஒன்றரை கிராம் அளவுதான். உள்ளங்கை அளவு ரொட்டிக்கு 60 கிராம் மாவு என்றால் 40 கதிர். எனவே பிள்ளைகள் அரைத்ததைக் கடையில் வாங்கிய பார்லி மாவில் கலந்துகொள்வதுதான் நடக்கிற காரியம்.

ஒரு பேனக்குக்கு: பார்லி மாவு 200 கிராம், கோதுமை மாவு 100, வெண்ணெய் 30, உப்பு அரை டீஸ்பூன், மோர் சுமார் 200 மில்லி. பார்லி மாவு மட்டும் போட்டால் ஒட்டும் பசை போதாமல் திருப்பும்போது உடையும். ஒரு செ.மீ. கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்காகக் கீறி, கனமான தோசைக்கல்லில் சின்னத் தீயில் பக்கத்துக்கு 7, 8 நிமிடம். ஓரம் வெடித்தால் மோர் பற்றவில்லை. மேலே கருகி உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம். இதை 8 முறை செய்தால் 30 பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டு வரும்.

சோடா ரொட்டி பழங்காலக் கெல்டிக் உணவு இல்லை, சமையல் சோடா அயர்லாந்து வீடுகளுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அப்படிச் சொல்லிப் பரிமாறினால் தவறில்லை. மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதி சேர்த்து 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சோடா முக்கால் டீஸ்பூன். சமவெளிக் குறிப்புகளில் ஒரு டீஸ்பூன் இருக்கும், 1800 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அத்தனையும் போட்டால் நடுவில் எழும்பி உள்வாங்கும், சோடா வாடையும் தங்கும். நம் நீர்மோர் ஆகாது. புளித்த தயிர் 250 கிராமை 120 மில்லி தண்ணீரில் கடைந்து ஊற்றுங்கள். மாவைப் பிசையவே கூடாது, ஒன்றுசேர்ந்ததும் தட்டி, மேலே சிலுவையாக ஆழக் கீறி, உடனே அடுப்பில் வைக்க வேண்டும். 220 டிகிரியில் 15 நிமிடம், 200-இல் இன்னும் 25 நிமிடம். தட்டினால் காலிப்பானைச் சத்தம் வர வேண்டும். கலந்துவைத்துவிட்டுக் காத்திருந்தால் சோடாவின் வேலை தட்டிலேயே முடிந்து ரொட்டி செங்கல்லாகும்.

கோல்கேனனுக்குத்தான் உங்கள் ஊர் மிகப் பொருத்தம். நீலகிரியில் கார்போகக் கிழங்கு ஏப்ரல், மே மாதம் நட்டு ஆகஸ்டில் தோண்ட வருகிறது, நிஜமாகவே முதல் கிழங்கு. 30 பேருக்கு 5 கிலோ கிழங்கு, முட்டைக்கோஸ் அல்லது கேல் ஒன்றரை கிலோ, வெங்காயத்தாள் 300 கிராம், வெண்ணெய் 500 கிராம், பால் ஒரு லிட்டர். கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக நேரம் பிடிக்கும். குக்கரில் தட்டு வைத்து, தண்ணீரில் மூழ்காமல் தோலோடு ஆவியில் வேகவிடுங்கள். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம், தண்ணீரில் வெந்தால் மசியல் கூழாகும். உரித்ததும் வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் சூடுகாட்டி ஈரத்தை ஓட்டிவிட்டு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசை. வெங்காயத்தாளைப் பாலில் கொதிக்கவிட்டு அந்தச் சூடான பாலை ஊற்ற வேண்டும், ஆறிய பால் ஊற்றினால் கட்டி தட்டும். முட்டைக்கோஸை அல்லது கேல் கீரையைத் தனியாக 5 நிமிடம் வேகவைத்துப் பிழிந்து கலந்து, பரிமாறும்போது நடுவில் குழி செய்து வெண்ணெயை உருக விடுங்கள். ஒவ்வொரு வாயையும் அந்தக் குழியில் தொட்டுச் சாப்பிடுவதுதான் முறை.

செப்டம்பர் நிகழ்ச்சி 29-ஐ ஒட்டி வந்தால் இன்னொன்று இருக்கிறது. அதே மேற்குத் தீவுகளில் புனித மிக்கேல் திருநாளுக்கு முந்தைய இரவு ஸ்ட்ரூவன் என்கிற ரொட்டி சுடுவார்கள். அந்த வருடம் தங்கள் நிலத்தில் விளைந்த எல்லாத் தானியத்திலும் கொஞ்சம் எடுத்து அரைத்துச் செய்வது. அந்த நியாயப்படி கோத்தகிரி ஸ்ட்ரூவனில் ராகியும் சாமையும் இருப்பதுதான் சரி. மொத்த மாவில் பாதியாவது கோதுமை இருக்கட்டும், இல்லாவிட்டால் உதிரும். வெந்துகொண்டிருக்கும்போதே முட்டை, பாலாடை, வெண்ணெய் கலந்த குழம்பை இரண்டு மூன்று முறை மேலே தடவ வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது.

அட்டுவம்பட்டி:

கோர்ஸ் பற்றி. இங்கே அது ஐரோப்பியர் கொண்டுவந்து நட்டுப் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கும் செடி. பூவை வைப்பதில் தப்பில்லை, ஆனால் கிளையில் காய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காய் முற்றினால் வெடித்து விதையைத் தெறிக்கும், விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். வேரோடு பிடுங்கிக் கொண்டுவருவதோ, நிகழ்ச்சி முடிந்து தோட்டத்து ஓரத்தில் கொட்டுவதோ வேண்டாம். பச்சையாகவே எண்ணெய்ப் பசையோடு எரியும், விளக்குப் பக்கம் வைக்காதீர்கள். முள் கடுமையானது, தோல் கையுறை தேவை. புதைக்கிற பூவுக்கு வீட்டுத் தோட்டத்துப் பூவே போதும்.

பழத்துக்கு: பில்பெரியின் பேரினத்தைச் சேர்ந்த வாக்சினியம் மரங்கள் இரண்டு வகை நம் சோலைகளில் இருக்கின்றன. நல்ல உறவு, ஆனால் காப்புக்காட்டில் பறிக்கக் கூடாது, பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்ன, ஆகஸ்டில் சந்தையில் தவிட்டுப்பழம் கிடைத்தால் வாங்குங்கள். இனம் வேறு, ஆனால் அதே கருநீலம், அதேபோல் விரலில் கறை. பாலாடையோடு கொடுங்கள், அயர்லாந்திலும் அப்படித்தான்.

இன்னொரு வேண்டுகோள். நீலகிரியின் படகர் ஊர்களான ஹட்டிகளில் தெவ்வ ஹப்பாவும் முதல் விளைச்சலைப் படைக்கும் திருநாள்தான். பேச்சில் மரியாதையோடு குறிப்பிடலாம், வருகிறவர்களில் படகப் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே பேசச் சொல்லலாம். இரண்டையும் கலந்து ஒரு புதுச் சடங்கு செய்ய வேண்டாம்.

வெலிங்டன்வாசி:

குதிரை விளையாட்டு பாக்கி இருக்கிறது. மூலத்தில், வேல்ஸின் தென்மேற்கில், கடைசிப் பிடியை அறுக்காமல் நிற்கவிட்டு, மூன்றாகப் பிரித்து வயலிலேயே பின்னி முடிவார்கள். அறுப்பவர்கள் தள்ளி நின்று முறை வைத்து அரிவாளை வீசி அதை வெட்டுவார்கள். வெட்டியவர் அதைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குள் நனையாமல் கொண்டுபோக வேண்டும், பெண்கள் வாளித் தண்ணீரோடு வாசலில் காத்திருப்பார்கள். நனையாமல் போனால் குதிரையை மேசைக்கு மேல் தொங்கவிட்டு அவருக்கு மரியாதை, நனைந்தால் அபராதம்.

உங்களுக்கு: ஓட்ஸ் தாள் 30-ஐ மூன்று பிரியாகப் பின்னி, ஒரு வாளி ஈர மணலில் 10 செ.மீ. ஆழம் நடுங்கள். வாளிக்கு அடியில் கல் போடாவிட்டால் பந்து பட்டு வாளியே கவிழும். 6 மீட்டர் தள்ளிக் கோடு, ஆளுக்கு 3 டென்னிஸ் பந்து. பின்னல் சாய்ந்தால் போதாது, வாளியை விட்டு வெளியே விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் பந்திலேயே ஆட்டம் முடியும். தண்ணீருக்கு வாளி வேண்டாம், ஆளுக்கு ஒரு டம்ளர், வெதுவெதுப்பாக. செப்டம்பர் கடைசியில் கோத்தகிரிச் சாயங்காலத்தில் நனைந்த பிள்ளைக்கு மாற்றுச் சட்டை வேண்டும், பகல் 12 மணிக்குள் ஆடி முடித்துவிடுங்கள். ஓடுகிற பாதையில் புல் வழுக்கும், சாக்கு விரியுங்கள்.

பின்னலைக் கூடத்தில் மாட்டும்போது ஈரச் சுவரில் ஆணியடிக்காமல் உத்தரத்திலிருந்து தொங்கவிடுங்கள், ஐப்பசி மழையில் சுவர் பக்கம் பூஞ்சை பிடிக்கும். அடுத்த உழவில் மாட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் வார்னிஷ், மினுக்குத் தூள், கம்பி, செயற்கை நாடா எதுவும் சேர்க்கக் கூடாது. கட்டுவதற்குப் பருத்தி நூல், கொடுப்பதற்கு முன் அதையும் அவிழ்த்துவிட வேண்டும். கறுத்திருந்தால் மாட்டுக்கு வேண்டாம், எருக்குழியில் போடுங்கள்.